டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2024 திருத்தப் பதிப்பு: ரசிகர்களின் வரவேற்பும் எதிர்ப்பும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எதைப் பற்றியது?

அமெரிக்காவில் 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது. ஒருவர் டன்ஜன் மாஸ்டராக இருந்து கதையையும் எதிரிகளையும் நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, தாங்கள் செய்ய நினைப்பதைச் சொல்லி, 20 முகப் பகடையை உருட்டி விளைவைத் தீர்மானிப்பார்கள். அந்த ஐந்தாம் பதிப்பின் மூன்று அடிப்படை நூல்களும் பத்தாண்டு கழித்துத் திருத்தி எழுதப்பட்டன. பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2024 செப்டம்பர் 17 அன்றும், டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு அதே ஆண்டு நவம்பர் 12 அன்றும், எதிரி உயிரினங்களின் தொகுப்பான மான்ஸ்டர் மேனுவல் 2025 பிப்ரவரி 18 அன்றும் வெளிவந்தன. வெளியீட்டாளர் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட். அதன் தாய் நிறுவனம் ஹாஸ்ப்ரோ.

இந்த நூல்களைப் பற்றி ரசிகர்கள் எழுதியவற்றைப் படிக்கத் தொடங்கும் புதியவருக்கு, எல்லாரும் ஒரே விஷயத்தைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்ற ஐயம் எழும். அந்த ஐயம் நியாயமானது. விதிகளைப் பற்றிய விமர்சனம், காசு கொடுத்து வாங்கியது கையை விட்டுப் போய்விடுமோ என்ற அச்சம், நிறுவனத்தின் மீது ஏற்கெனவே இருந்த கோபம் ஆகிய மூன்றும் ஒரே பேச்சில் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால், மூன்றிலும் சிறியது விதிகள் மீதான அதிருப்திதான் என்பது தெரியவரும். கீழே உள்ள விடைகள் அந்தப் பிரிப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

இது புதிய பதிப்பா, பழைய பதிப்பின் திருத்தமா?

நிறுவனம் இதை ஆறாம் பதிப்பு என்று அழைக்கவில்லை. பழைய சாகசக் கதைப் புத்தகங்களோடு சேர்த்து ஆடக்கூடிய, திருத்தப்பட்ட ஐந்தாம் பதிப்பு என்றே சொல்லி வந்தது. ரசிகர்களில் பலர் 5.5 என்று அழைத்தார்கள். அதற்கு ஒரு முன்வரலாறு உண்டு. 2000இல் வந்த மூன்றாம் பதிப்புக்கு மூன்றே ஆண்டுகளில் 3.5 என்ற பெயரில் திருத்தம் வந்தபோது, புத்தம் புதிதாக வாங்கிய நூல்கள் அதற்குள் பழையனவாகிவிட்டன என்று வாசகர்கள் வருந்தினார்கள். இம்முறை பத்தாண்டு இடைவெளி இருந்ததால் அந்தக் குறை அவ்வளவாக எழவில்லை. மாறாக, இத்தனை மாற்றம் செய்துவிட்டு அதே பதிப்பு என்று சொல்லலாமா என்று ஒரு சாராரும், பத்தாண்டு காத்திருந்ததற்கு இவ்வளவுதானா என்று இன்னொரு சாராரும் கேட்டார்கள். அடிப்படை எந்திரம் மாறவில்லை. அதன்மேல் உள்ள ஏறத்தாழ எல்லாப் பகுதிகளும் மாறியுள்ளன. ஆகவே இரு தரப்பும் சொல்வதில் உண்மை இருக்கிறது.

புத்தகம் வருவதற்கு முன்பே ரசிகர்கள் ஏன் கோபத்தில் இருந்தார்கள்?

மூன்றாம் பதிப்புக் காலத்தில், 2000இல், ஓப்பன் கேம் லைசென்ஸ் என்ற உரிமம் வந்தது. ஆட்டத்தின் அடிப்படை விதிகளைக் கட்டணமின்றிப் பயன்படுத்தி, தங்கள் சொந்தக் கதைகளையும் துணைநூல்களையும் வெளியிட அது பிற பதிப்பாளர்களுக்கு வழி செய்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நம்பிக்கையில் எத்தனையோ சிறு பதிப்பகங்கள் பிழைத்தன.

2023 ஜனவரியில் அந்த உரிமத்துக்கு மாற்றாகத் தயாரிக்கப்பட்ட ஒரு வரைவு வெளியே கசிந்தது. பழைய உரிமம் இனிச் செல்லாது என்றும், ஆண்டு வருமானம் 7,50,000 டாலரைத் தாண்டினால் மேற்பட்ட தொகையில் 25 சதவீதம் வரை செலுத்த வேண்டும் என்றும் அதில் இருந்தது. ரசிகர்கள் டி அண்ட் டி பியாண்ட் என்ற நிறுவனத்தின் இணையச் சேவைக்கான சந்தாவைக் கூட்டம் கூட்டமாக ரத்து செய்தார்கள். நிறுவனம் பின்வாங்கி, திருத்திய வரைவு ஒன்றை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. 15,000க்கும் மேற்பட்டோர் பதிலளித்தனர். பழைய உரிமத்தைச் செல்லாததாக்குவதில் அதிருப்தி என்றவர்கள் அவர்களில் 89 சதவீதம். கருத்துக்கேட்பைக்கூட முழுமையாக நடத்தி முடிக்காமல், ஜனவரி 27 அன்று பழைய உரிமத்தைத் தொடமாட்டோம் என்று நிறுவனம் அறிவித்தது, அதோடு 5.1 என்ற அடிப்படை விதித்தொகுப்பைத் திரும்பப் பெற முடியாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது.

ரசிகர்கள் அந்தச் சண்டையில் வென்றார்கள். ஆனால் நம்பிக்கை திரும்பவில்லை. அடுத்த பதினெட்டு மாதங்களில் நிறுவனம் செய்த ஒவ்வொரு நல்ல காரியத்தையும்கூட, இதற்குப் பின்னால் என்ன இருக்கிறதோ என்ற கண்ணோடுதான் பார்த்தார்கள். 2024 நூல்களைப் பற்றிய கடுமையான பதிவுகளில் கணிசமானவை உண்மையில் 2023 ஜனவரியைப் பற்றியவை.

விதிகளை எழுதும்போது ரசிகர்களின் கருத்துக்கு மதிப்பு இருந்ததா?

இருந்தது, சிலர் சொல்வதுபோல் அளவுக்கு மீறியே இருந்தது. 2022 ஆகஸ்டில் ஒன் டி அண்ட் டி என்ற பெயரில் சோதனை விதிகள் தவணை முறையில் வெளியிடப்பட்டு, ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் கருத்துக்கணிப்பு நடந்தது. கைவிடப்பட்டவற்றின் பட்டியலே ஒரு தனிப் பதிப்பாகும் அளவுக்கு நீளமானது. கிளாஸ்களை, அதாவது வார்லாக், பாலடின், ரேஞ்சர், ட்ரூயிட் போன்ற கதாபாத்திர வகைகளை, நான்கு குழுக்களாகப் பிரிக்கும் முறை, மந்திரங்களை மூன்றே பெரும் பட்டியல்களாக்கும் முறை, வார்லாக்கின் மந்திர ஆற்றலைப் பாலடினுக்கும் ரேஞ்சருக்கும் உள்ள அளவுக்கு மாற்றும் முயற்சி, ட்ரூயிட் எந்த விலங்காக மாறினாலும் ஒரே வகை எண்களைத் தரும் வார்ப்பு முறை ஆகியவை எல்லாம் எதிர்ப்பினால் போயின.

ட்ரூயிட் விஷயத்தில் எதிர்ப்பு சரியானதே. கரடியாக மாறுவதும் சிலந்தியாக மாறுவதும் தாளில் ஒன்றுபோல் இருந்தால், உருமாற்றத்தின் சுவையே போய்விடும். ஆனால் துணிச்சலான யோசனைகள் பலவும் கருத்துக்கணிப்புகளில் அடிபட்டதால், இறுதி நூல் யாரையும் பெரிதாக நோகடிக்காத, அதே வேளையில் யாரையும் பெரிதாக வியக்கவைக்காத இடத்தில் வந்து நின்றது. இதுவே பத்தாண்டு காத்திருந்தவர்களின் ஏமாற்றத்துக்கு வேர்.

எந்த மாற்றங்கள் பரவலாக வரவேற்கப்பட்டன?

மங்க் என்ற துறவிப் போர்வீரன் கிளாஸுக்குக் கிடைத்த வரவேற்பு ஏறத்தாழ ஒருமனதானது. 2014 விதிகளில் மங்க்கின் வெறுங்கைத் தாக்கு 4 முகப் பகடையில் தொடங்கியது. இப்போது 6 முகப் பகடையில் தொடங்கி 17ஆம் லெவலில் 12 முகப் பகடையை எட்டுகிறது. பகைவரிடமிருந்து விலகுவதற்கும் கூடுதலாக ஓடுவதற்கும் முன்பு ஒவ்வொரு முறையும் சேமிப்புப் புள்ளியைச் செலவழிக்க வேண்டியிருந்தது; இப்போது இரண்டையும், தன் முறை வரும்போது ஒன்று மட்டும் செய்யக்கூடிய கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனாகச் செலவின்றிச் செய்யலாம். பறந்து வரும் அம்பை மட்டும் தட்டிவிட முடிந்தவர் இப்போது வாள்வீச்சையும் தட்டிவிடலாம். பத்தாண்டுகளாக மங்க் ஆடியவர்கள் பொறுமையாகச் சொல்லிவந்த குறை ஒவ்வொன்றுக்கும் விடை கிடைத்திருப்பதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது.

குணப்படுத்தும் மந்திரங்களின் வலிமை கூடியதும் அப்படியே. கியூர் வூண்ட்ஸ் மந்திரம் ஒரு 8 முகப் பகடைக்குப் பதில் இரண்டு தருகிறது. முன்பெல்லாம் தோழர் விழுந்த பிறகு எழுப்புவதுதான் கணக்குக்கு லாபம் என்பதால், விழும்வரை யாரும் மருத்துவம் பார்க்க மாட்டார்கள். இப்போது நிற்கும்போதே காப்பாற்றுவதற்கு அர்த்தம் வந்திருக்கிறது. ரோக் கிளாஸ் தன் மறைதாக்கின் பகடைகளில் சிலவற்றை விட்டுக்கொடுத்து எதிரியைக் கவிழ்க்கவோ நஞ்சூட்டவோ முடிவதையும், களைப்பு விதி எளிமையானதையும் பலர் பாராட்டினார்கள்.

ரேஞ்சர் ஆடுபவர்கள் ஏன் இவ்வளவு வருந்துகிறார்கள்?

வருத்தம் நியாயமானது, அதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். 2024 நூல் ரேஞ்சரின் வளர்ச்சியை ஹண்டர்ஸ் மார்க் என்ற ஒரே மந்திரத்தைச் சுற்றிக் கட்டியிருக்கிறது. போனஸ் ஆக்‌ஷனில் ஓர் எதிரியைக் குறி வைத்தால், அவரைத் தாக்கும்போதெல்லாம் ஒரு 6 முகப் பகடை கூடுதல் சேதம் கிடைக்கும். முதல் லெவலிலேயே இதை இலவசமாக இருமுறை பயன்படுத்தலாம் என்பது நல்ல தொடக்கம். சிக்கல் என்னவென்றால், இது கான்சன்ட்ரேஷன் தேவைப்படும் மந்திரம். அதாவது இது நீடிக்கும்வரை அதே வகையைச் சேர்ந்த வேறொரு மந்திரத்தை நீடிக்கவிட முடியாது. ரேஞ்சரின் சுவையான மந்திரங்களில் பெரும்பகுதி அதே வகை. காட்டை முட்களால் நிரப்பும் ஸ்பைக் குரோத்தை ஏவ நினைத்தால், கிளாஸின் மைய ஆற்றலைக் கைவிட வேண்டும்.

13ஆம் லெவலில் கிடைப்பது, அடிபட்டாலும் அந்தக் குறி கலையாது என்பது. 17ஆம் லெவலில் குறிவைத்தவரைத் தாக்கும்போது இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். 20ஆம் லெவலில், ஓராண்டோ இரண்டாண்டோ ஆடி அடைந்த உச்சியில், அந்த 6 முகப் பகடை 10 முகப் பகடையாகிறது. சராசரி 3.5 என்பது 5.5 ஆகிறது, அதாவது ஒரு தாக்குக்கு இரண்டு புள்ளி. அதே லெவலில் ஃபைட்டருக்கு நான்காவது தாக்கே கிடைக்கிறது. சேதக் கணக்கில் புதிய ரேஞ்சர் பழையவரைவிட வலிமையானவர் என்று வாதிடுவோர் சொல்வது எண்ணளவில் சரி. ஆனால் ரேஞ்சர் ஆட வருபவர் காட்டையும் தடயத்தையும் துணை விலங்கையும் தேடி வருகிறார். ஒரே மந்திரத்தின் கூட்டல் கணக்கை அல்ல. இந்த நூலின் மிகப் பெரிய குறை இதுதான் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

பாலடினின் டிவைன் ஸ்மைட் கெட்டுவிட்டதா?

பழைய விதியில், பாலடின் என்ற புனித வீரர் தன் தாக்கு பட்டதும் ஒரு ஸ்பெல் ஸ்லாட்டை, அதாவது மந்திரம் ஏவுவதற்கென எண்ணித் தரப்படும் வாய்ப்புகளில் ஒன்றை, செலவழித்துத் தெய்வீகச் சேதத்தைக் கூட்டலாம். தன் முறை வரும்போது ஒவ்வொரு தாக்குக்கும் அப்படிச் செய்யலாம். புதிய விதியில் அது ஒரு மந்திரம். போனஸ் ஆக்‌ஷனைச் செலவழிப்பதால் ஒரு முறைக்கு ஒன்றுதான். எதிரி மந்திரவாதி கவுண்டர்ஸ்பெல் போட்டு அதைத் தடுக்கலாம். கோபவெறியில் இருக்கும் பார்பேரியன் மந்திரம் ஏவ முடியாது என்பதால், இரண்டு கிளாஸையும் கலந்து ஆடியவர்களின் கட்டமைப்பு உடைந்தது. கைவைத்துக் குணப்படுத்தும் ஆற்றலும் போனஸ் ஆக்‌ஷனாகிவிட்டதால், அடிப்பதா ஆற்றுவதா என்று ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பாலடின் ஆடியவர்களின் வலி புரிகிறது. ஆயினும் மாற்றம் தேவையானதே. பெரிய அரக்கனோடு நடக்க வேண்டிய மோதலை முதல் சுற்றிலேயே ஒருவர் தன் ஸ்லாட்டுகளையெல்லாம் கொட்டி முடித்துவிட, மற்ற மூவர் பார்த்துக்கொண்டிருந்த மேசைகள் ஏராளம்.

வெப்பன் மாஸ்டரி ஆட்டத்தை மெதுவாக்குகிறதா?

இது ஆடுபவர்களையும் டன்ஜன் மாஸ்டர்களையும் இரண்டாகப் பிரித்த விதி. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு தனிப்பண்பு உண்டு. பயிற்சி பெற்ற கிளாஸ்கள் அதைப் பயன்படுத்தலாம். பெரிய வாளின் வீச்சு தவறினாலும் சிறிது சேதம் உண்டு. நீளவாள் பட்டவரின் அடுத்த தாக்கு தடுமாறும். மந்திரவாதிகளுக்கு நூறு வழிகள் இருக்க, ஃபைட்டருக்கு அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்ற பழைய குறைக்கு இது நல்ல விடை.

மெதுவாக்குவது பெரும்பாலும் டாப்பிள் என்ற ஒரு பண்புதான். போர்க்கோடரியோ பெருஞ்சம்மட்டியோ பட்டவர் ஒவ்வொரு முறையும் சேவிங் த்ரோ, அதாவது தீங்கைத் தவிர்ப்பதற்கான பகடை, உருட்ட வேண்டும். தவறினால் தரையில் விழுவார். 11ஆம் லெவல் ஃபைட்டர் மூன்று முறை தாக்குகிறார் என்றால், டன்ஜன் மாஸ்டர் மூன்று முறை உருட்டி, விழுந்தாரா நிற்கிறாரா என்று ஒவ்வொரு முறையும் சொன்ன பிறகுதான் அடுத்த தாக்கு. மற்ற பண்புகளில் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே முழு விதியையும் ஒதுக்க வேண்டியதில்லை.

இனத் தேர்விலும் பின்னணியிலும் என்ன தகராறு?

கதாபாத்திரத்தின் பிறப்பினத்தோடு ஒட்டியிருந்த வலிமை, அறிவு முதலிய கூட்டல்கள் இப்போது பின்னணிக்கு, அதாவது சாகசத்துக்கு முன் அவர் செய்த தொழிலுக்கு, மாற்றப்பட்டுள்ளன. குள்ளர் என்பதாலேயே ஒருவர் உடல்வலு மிக்கவராக இருக்க வேண்டியதில்லை என்பதைப் பலர் வரவேற்றார்கள். ஆனால் பழைய பூட்டை நீக்கிவிட்டு வேறொரு பூட்டைப் போட்டுவிட்டார்கள் என்பது எதிர்வாதம், அதில் பொருள் இருக்கிறது. நூலில் உள்ள 16 பின்னணிகளில் படைவீரர் பின்னணி வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி ஆகிய மூன்றை மட்டுமே கூட்டும். எனவே முன்னாள் படைவீரராக இருந்து மந்திரம் கற்றவரை உருவாக்க நினைப்பவருக்கு அறிவில் ஒரு புள்ளியும் கிடைக்காது. பின்னணியைச் சொந்தமாக அமைக்கும் வழி 2014இல் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கிலேயே இருந்தது. இப்போது அது டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் இருக்கிறது. மாஸ்டர் அனுமதித்தால் போதும்.

மனிதரோடு கலந்த இனங்களான அரை எல்ஃப், அரை ஆர்க் ஆகிய இரண்டும் புதிய நூலில் இல்லை. கலப்புக் குடும்பத்திலிருந்து வந்த ஆட்டக்காரர்கள் சிலர் தங்களைப் பார்த்துக்கொண்ட பாத்திரங்கள் அவை என்பதால், இந்த நீக்கம் அவர்களைப் புண்படுத்தியது. பழைய நூலில் உள்ளபடி ஆடத் தடையில்லை.

மான்ஸ்டர் மேனுவலில் ஆர்க் இல்லையாமே?

எதிரியாக ஆர்க்குக்குத் தனி அட்டவணை இல்லை என்பது உண்மை. ஆர்க் இப்போது ஆடுபவர் தேர்ந்தெடுக்கும் இனங்களில் ஒன்று. எதிரியாக வேண்டுமானால் கொள்ளைக்காரர், போர்வீரர் போன்ற பொது அட்டவணைகளைப் பயன்படுத்தச் சொல்கிறது நூல். ஓர் இனம் முழுவதும் தீயது என்று எழுதாமல் விட்டதை ஆதரிக்கிறேன். ஆனால் ஆர்க் படைக்கென்று ஒரு தனிப் போர்முறை இருந்தது. அதைத் தக்கவைக்கும் இரண்டு பக்கங்களுக்கு, 500க்கும் மேற்பட்ட உயிரினங்கள் அடங்கிய நூலில் இடம் இருந்திருக்கும்.

இதைவிட மேசையில் அதிகம் உறைப்பது வேறொரு மாற்றம். 2014இல் ஓநாய் கடித்தால், கடிபட்டவர் சேவிங் த்ரோவில் தவறினால்தான் விழுவார். இப்போது நடுத்தர உடலளவோ அதற்குக் குறைவோ உள்ளவர் கடிபட்டாலே விழுந்துவிடுவார். இதனால் டன்ஜன் மாஸ்டரின் வேலை குறைகிறது. ஆடுபவரின் கையில் இருந்த பகடை பிடுங்கப்படுகிறது. காப்லின், கோபால்ட், நோல் ஆகியவை மனித வகையிலிருந்து வேறு வகைகளுக்கு மாற்றப்பட்டிருப்பதால், மனித வகையை மட்டும் கட்டிப்போடும் ஹோல்ட் பெர்சன் மந்திரம் அவற்றின்மேல் பலிக்காது என்பதையும் பழைய ஆட்டக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு எப்படி?

மூன்று நூல்களிலும் குறைவாகச் சண்டையிடப்பட்டது இதுதான். 2014 நூல் உலகத்தைப் படைப்பதில் தொடங்கியது; புதியது ஆட்டத்தை எப்படி நடத்துவது என்பதில் தொடங்குகிறது. கிரேஹாக் என்ற கற்பனை உலகமும் 5ஆம் லெவலிலிருந்து கதாபாத்திரங்கள் கட்டிக்கொள்ளும் கோட்டைகளுக்கான விதிகளும் நல்ல சேர்க்கைகள்.

2024 ஆகஸ்டில் டி அண்ட் டி பியாண்டில் என்ன நடந்தது?

ஹாஸ்ப்ரோ 2022இல் 14.63 கோடி டாலர் கொடுத்து வாங்கிய இந்தச் சேவையில், ரசிகர்கள் புத்தகங்களின் மின்வடிவை வாங்கி, கதாபாத்திரத் தாளை அங்கேயே பராமரிக்கிறார்கள். புதிய நூல் வரும்போது, கதாபாத்திரத் தாள்களில் உள்ள பழைய மந்திரங்களும் மாயப்பொருள்களும் புதிய வடிவுக்கு மாறிவிடும் என்றும், பழையது வேண்டுவோர் அதைத் தாங்களே தட்டச்சு செய்து சேர்த்துக்கொள்ளலாம் என்றும் அறிவிப்பு வந்தது. பாதியில் நிற்கும் ஆட்டங்களின் விதிகள் ஒருநாள் காலையில் ஆடுபவரைக் கேட்காமல் மாறிவிடும் என்பதே அதன் பொருள். சில மாதங்களுக்கு முன்புதான், தேவையான பகுதியை மட்டும் தனியே வாங்கும் வசதியும் அங்கே நீக்கப்பட்டிருந்தது. எதிர்ப்பு சில நாட்களிலேயே வென்றது. பழைய வடிவங்களும் தாளில் தொடரும் என்று நிறுவனம் அறிவித்தது.

புதிய விதிகளை விரும்பியவர்களும் இந்த எதிர்ப்பில் சேர்ந்துகொண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அச்சு நூலை யாரும் அலமாரியிலிருந்து எடுத்துத் திருத்த முடியாது. மின்நூலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பது அன்று எல்லாருக்கும் உறைத்தது.

ரசிகர்கள் ஆட்டத்தை விட்டுப் போய்விட்டார்களா?

பிளேயர்ஸ் ஹேண்ட்புக் தன் வரலாற்றிலேயே வேகமாக விற்ற நூல் என்று நிறுவனம் அறிவித்தது. எனவே கூட்டமாக வெளியேறினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் இன்று மாற்று இருக்கிறது. நான்காம் பதிப்பின் காலத்தில் அதிருப்தியடைந்தவர்களுக்கு 2009இல் பைசோ வெளியிட்ட பாத்ஃபைண்டர் புகலிடமானதுபோல, 2023 உரிமச் சண்டைக்குப் பிறகு கோபால்ட் பிரஸ்ஸின் டேல்ஸ் ஆஃப் தி வேலியண்ட், டாரிங்டன் பிரஸ்ஸின் டாகர்ஹார்ட் ஆகியவை வந்திருக்கின்றன. 2024 விதிகளை வடிவமைத்ததில் முதன்மைப் பங்காற்றிய ஜெரமி கிராஃபோர்டும், நீண்டகாலம் கதைகளை வடிவமைத்த கிறிஸ் பெர்கின்ஸும் 2025இல் விலகி டாரிங்டன் பிரஸ்ஸில் சேர்ந்தது ரசிகர்களிடையே பெரும் பேச்சானது. அதே ஆண்டு ஏப்ரலில் புதிய விதிகளின் அடிப்படைத் தொகுப்பான 5.2உம் கிரியேட்டிவ் காமன்ஸில் வெளியிடப்பட்டது. நிறுவனம் வாக்குக் காத்த இடம் இது. அதற்குரிய பாராட்டு போதிய அளவில் கிடைக்கவில்லை.

நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தை இடையில் புதிய விதிகளுக்கு மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் கதாபாத்திரங்கள் எல்லாம் 3ஆம் லெவலைத் தாண்டிய பிறகு மாற்றுவது எளிது. புதிய விதியில் எல்லாக் கிளாஸும் தங்கள் உட்பிரிவை 3ஆம் லெவலில்தான் பெறுகின்றன. முதல் லெவலிலேயே அதைப் பெற்றுவிட்ட பழைய கிளெரிக்கோ வார்லாக்கோ இருந்தால், அதற்கு முன் மாற்றும்போது கையில் இருப்பதைப் பிடுங்க வேண்டிவரும்.

ஒரே பெயருள்ள மந்திரத்துக்கு இரண்டு வாசகங்கள் இருப்பதால், மேசை முழுவதற்கும் ஏதேனும் ஒரு நூலை மந்திரங்களுக்கு ஆதாரமாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கியூர் வூண்ட்ஸ் ஏவும் ஒவ்வொரு முறையும் எத்தனை பகடை என்ற வழக்கு நடக்கும். கான்ஜூர் மைனர் எலிமென்டல்ஸ் மந்திரத்துக்கு மட்டும் பிழைத்திருத்தத்துக்குப் பிந்தைய வாசகத்தைப் பாருங்கள். முதல் அச்சில் உயர்ந்த ஸ்லாட்டில் அது தந்த சேதம் மற்ற எல்லாரையும் வேடிக்கை பார்க்க வைக்கும் அளவுக்கு இருந்தது. பாலடின் ஆடுபவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். அவர் பழைய விதியிலேயே தொடர விரும்பினால் தொடரட்டும், மற்றவர்கள் மாறுவதற்கு அது தடையாகாது. பழைய சாகசக் கதையைப் புதிய மான்ஸ்டர் மேனுவலை வைத்து நடத்துகிறீர்கள் என்றால், கீழ்நிலைக் கதாபாத்திரங்கள் முதன்முதலில் எதிர்கொள்ளும் ஓநாய்க் கூட்டத்தில் ஓரிரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.